கரண்ட் பில்லின் கடைசி வரி

ஜேர்மனிக்கு வந்து இத்தனை காலமாகியும் ஒரு விசயம் மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. இங்கே கரண்ட் மீற்றர் பார்க்க ஒருவரும் வருவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒரு கடிதம் வரும். உங்கள் மீற்றரை நீங்களே பார்த்து, அதிலுள்ள எண்ணை எங்களுக்கு அறியத்தாருங்கள் என்று அதில் எழுதியிருக்கும். நானும் கட்டடத்தின் அடியிலுள்ள நிலவறைக்கு, இங்கே அதைக் 'கெல்லர்' என்பார்கள், இறங்கிப் போய் எண்ணைப் பார்த்து அனுப்புவேன். நான் சொன்னதை அவர்கள் அப்படியே நம்புவார்கள். முதல் தடவை எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் ஊரில் மீற்றர் பார்க்கிறவர் வாசல் படலையில் நின்று மணி அடிப்பார், நாய் குலைக்கும், "நாயைப் பிடியுங்கோ" என்று அவர் சத்தம் போடுவார், பிறகு அவர் தன் கண்ணால் எண்ணைப் பார்த்துப் பில்லைக் கையில் தந்துவிட்டுப் போவார். இங்கே முன்பின் தெரியாத ஒருத்தியின் வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்தேன். இப்போதெல்லாம் அந்தக் கடிதம் வந்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வெட்கமாக இருக்கிறது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என்னைப் போல வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர்வீட்டுக்குப் பில் கட்டுகிற ஆட்கள் கொஞ்சம் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

முதலில் என் பெருமையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மூக்குடைபட்ட கதையைச் சொல்ல வசதியாக இருக்கும். எங்கள் நகரத்துத் தமிழாட்களுக்கு நான் 'பில் அக்கா'. புதிதாக வந்தவர்கள் கரண்ட் பில்லைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மேசையில் பில்லை விரித்து, வரிவரியாகச் சொல்லுவேன். இது 'குறுண்ட்பிறைஸ்', நீ லைட்டே போடாமல் இருந்தாலும் மாதாமாதம் கட்ட வேண்டியது. இது 'ஆர்பைற்ஸ்பிறைஸ்', எரித்த ஒவ்வொரு யூனிற்றுக்கும் உள்ள விலை. இது கம்பி வந்த வழிக்குக் கூலி. இது வரி. "கடைசி வரியிலை நிக்கிற காசைப் பாத்து ஐயோ எண்டு கத்தாதை, அதுக்கு மேலை என்ன எழுதியிருக்கெண்டு பார்" என்று எத்தனை பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லியிருப்பேன்! ஊருக்கடி உபதேசம், உனக்கில்லையடி கண்ணே என்பார்கள் அல்லவா, அது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

இந்தப் படிப்பும் எனக்குச் சும்மா வந்ததில்லை. வந்த புதிதில், மாதாமாதம் கட்டுவதுதான் பில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது முற்பணம் மட்டும்தான், வருட முடிவில் கணக்குப் பார்ப்பார்கள் என்று எனக்கு யார் சொன்னது? குளிருக்குப் பயந்து கரண்ட் ஹீற்றரைப் பகலிரவாக ஓடவிட்டிருந்தேன். வருட முடிவில் வந்த தொகையைப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கரண்ட் கொம்பனிக் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி நல்ல மனுசி. பேனையால் கோடு போட்டுக் காட்டிக் காட்டி ஜேர்மன் மொழியில் விளக்கினார். நான் எங்கள் ஊர் வழக்கப்படி தலையாட்டி, "யா, யா" என்றுகொண்டிருந்தேன். பெரியவர்கள் கதைக்கும்போது நாங்கள் "ஓம், ஓம்" என்போமே, அதற்கு அர்த்தம் காதில் விழுகிறது என்பதுதானே? சம்மதம் என்பதல்ல, விளங்கிவிட்டது என்பதும் அல்ல. அந்த மனுசியோ நான் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டேன் என்று எடுத்து, முழுத் தொகையையும் அடுத்த கிழமையே கட்டுகிறேன் என்று எழுதி நீட்டினார். நானும் கையெழுத்து வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்குப் பட்ட அவமானத்தில்தான் அகராதியை வைத்துக்கொண்டு பில்லை ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

இனி ஊர்ப் பில்லுக்கு வருகிறேன். அளவெட்டியில் உள்ள எங்கள் வீடு எனக்குச் சீதனமாக எழுதப்பட்டது. வீடு பெண்பிள்ளைக்கு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணை கல்யாணம் முடித்து மச்சாளின் சீதன வீட்டுக்கு, மயிலிட்டிப் பக்கம், போய்விட்டார். போரில் அந்த இடம் முழுக்க ஆமிக்குள் போனது. பல வருடம் கழித்து ஆமி அதைத் திருப்பி விட்டபோது, மச்சாளின் வீடு நின்ற இடத்தில் அத்திவாரமும் தூர்ந்துபோன கிணறும்தான் மிச்சம். அதற்கிடையில் நான் ஜேர்மனிக்கு வந்துவிட்டேன். என் வீடு பூட்டிக் கிடந்தது. "அண்ணை, நீங்கள் போய் இருங்கோ, வீடு ஆளில்லாமல் பாழாப் போகுது" என்று நான்தான் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அவரும் மச்சாளும் வந்து இருந்தார்கள். ஆனால் அவர்கள் அங்கே என்ன மனதோடு இருந்தார்கள் என்று நான் யோசித்ததில்லை. ஆண்பிள்ளை ஒருவர் தங்கச்சியின் சீதன வீட்டில் இருப்பது என்றால் ஊரில் என்ன கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா? தன் வீடு கல்லும் மண்ணுமாய்ப் போய், நாத்தனார் வீட்டு அடுப்பில் சமைக்கிற பெண்ணின் மனம் எப்படி இருக்கும் என்று தெரியாதா? எல்லாம் தெரியும். தெரிந்ததைக் குளிருக்கு மூடிய யன்னல் மாதிரி இறுக்கிச் சாத்தி வைத்திருந்தேன்.

வீடு என் பெயரில் என்றபடியால் பில்லும் என் பெயரில்தான் வரும். அதை நான்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அண்ணை ஒருமுறை, "பிள்ளை, எரிக்கிறது நாங்கள், நாங்களே கட்டுறமே" என்று கேட்டார். "என்ன அண்ணை, என்னை வேற்றாளாப் பாக்கிறியளோ?" என்று பாய்ந்து விழுந்தேன். அதோடு அவர் வாயை மூடிவிட்டார். மாதாமாதம் பில்லைப் படமெடுத்து வட்சப்பில் அனுப்புவார். நான் படத்தைப் பெரிதாக்கி, கடைசி வரியை மட்டும் பார்த்து, கைத்தொலைபேசியிலேயே கட்டிவிடுவேன். கட்டிவிட்டு இங்குள்ள சிநேகிதிகளிடம் ஒருதரம் சொல்லவும் செய்வேன். அதில் எனக்கு ஒரு சந்தோசம், மறைப்பானேன்.

பிறகு எங்கள் நாடு காசில்லாமல் தடுமாறின காலம் வந்தது. கரண்ட் கட்டணத்தை ஏற்றினார்கள். செய்தியில் நானும் வாசித்தேன், உச்சுக் கொட்டினேன். அந்தச் செய்திக்கும் அண்ணை அனுப்புகிற பில்லுக்கும் முடிச்சுப் போட என் மண்டையில் தோன்றவில்லை. திடீரென்று கடைசி வரி வீங்கி வந்தது. ஒருநாள் வேலைக்குப் போகிற ரெயினில் நின்றுகொண்டு அண்ணைக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். "அண்ணை, இந்தமுறை பில்லைப் பாத்தனான். ஆர் இருந்து இப்பிடிக் கரண்ட் எரிக்கிறது? ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்கிறியளோ?" அவ்வளவுதான். பகிடிக்குத்தான் சொன்னேன். அல்லது பகிடிக்குத்தான் சொன்னேன் என்று போன வருடம் வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். கூடின தொகை எவ்வளவு தெரியுமோ? அந்த ரெயினுக்குக் காத்து நிற்கும்போது நான் வாங்கிக் குடிக்கிற ஒரு கோப்பியும் ஒரு பணிசும். அண்ணை அதற்கு, "ஓம் பிள்ளை, பாக்கிறம்" என்று மட்டும் பதில் போட்டார்.

போன வருடம் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். நான் வந்த வான், சொன்ன நேரத்துக்கு முதலே, படலையடியில் நின்றபோது மாலை மங்கிவிட்டது. எங்கள் வீடு மட்டும் இருட்டுக்குள் கிடந்தது. சாமியறையில் ஒரு தேங்காயெண்ணெய் விளக்கு. அண்ணை ரோச் லைட்டோடு ஓடிவந்தார்.

"என்ன அண்ணை, கரண்ட் போட்டுதோ?" என்றேன்.

"ஓம் பிள்ளை, இப்பத்தான். வந்திடும், வந்திடும். நீ கவனமா இறங்கு."

ஆனால் பக்கத்து வீட்டில் லைட் எரிந்துகொண்டிருந்தது. ரீவிச் சத்தமும் கேட்டது. வேறு கம்பியாக்கும் என்று நானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டேன். மச்சாள் உள்ளே போன கையோடு விறாந்தை, ஹோல், குசினி, கிணற்றடி என்று எல்லா லைட்டும் ஒரேயடியாக எரிந்தன. "இஞ்சை, வந்திட்டுது!" என்றார் அண்ணை, கரண்ட் உண்மையாகவே வந்தது போல. பெரிய நடிகர்தான். பிரிஜ்ஜைத் திறந்தேன். பளிச்சென்று இருந்தது, உள்ளே புது வாசனை, ஐஸ் இன்னும் கட்டியிருக்கவில்லை. மச்சாள் எவ்வளவு துப்புரவாக வைத்திருக்கிறா என்று பாராட்டினேன்! அடுத்த நாள் விடியக் குளியலறைத் தொட்டி விளிம்பு வரைக்கும் நிரம்பிக் கிடந்தது. வாளி வாளியாக அள்ளி ஊற்றிக் குளித்தேன். எங்கடை கிணற்றுத் தண்ணிக்கு ஈடுண்டோ என்று உள்ளேயிருந்தே சத்தம் போட்டேன். "நல்லாக் குளியுங்கோ, நல்லாக் குளியுங்கோ" என்று மச்சாள் வெளியிலிருந்து சொன்னா.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நேரமாற்றத்தில் இரவு முழுக்க நித்திரை வராமல் வெள்ளனவே எழும்பிவிட்டேன். கிணற்றடியில் கப்பி கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனையோ காலம். எட்டிப் பார்த்தேன். மச்சாள் கயிற்றைப் பிடித்து இழுத்துத் தண்ணி அள்ளுகிறா. அண்ணை ஒவ்வொரு வாளியாகக் குளியலறைத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டு போகிறார். ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டு நடக்கிறார். நெஞ்சு வருத்தம் வந்து, பாரம் தூக்கவே கூடாது என்று டொக்டர் சொன்ன மனுசன். அதற்காகத்தானே மோட்டர் பூட்டக் காசு அனுப்பினேன்! என்னைக் கண்டதும் இரண்டு பேரும் களவெடுத்துப் பிடிபட்ட ஆட்களைப் போல விறைத்து நின்றார்கள். வாளித் தண்ணி அண்ணையின் காலடியில் சிந்தியது.

"என்ன பிள்ளை, நித்திரை வரேல்லையோ?" என்றார்.

"மோட்டர் எங்கை அண்ணை?"

"அது கொஞ்ச நாளாப் பழுது. திருத்த ஆள் வாறன் எண்டவன், வரேல்லை."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. சொல்லியிருந்தால் புது மோட்டரே வாங்கித் தந்திருப்பேனே என்று பொரிந்து தள்ளிக்கொண்டு மோட்டர்க் கொட்டிலுக்குப் போனேன். மோட்டரின் மேல் சாக்கு ஒன்று ஒழுங்காகப் போர்த்திக் கிடந்தது. பிளக் கழற்றித் தொங்கவிடப்பட்டிருந்தது. சுவிட்சடியிலுள்ள துவாரங்களைக் குளவி மண் வைத்து அடைத்திருந்தது. ஒருநாள் இரண்டுநாளில் குளவி அப்படி அடைக்காது. ஈர்க்கை முறித்து மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு, பிளக்கைக் குத்தி, சுவிட்சைப் போட்டேன். மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. ஒரு பழுதும் இல்லை. கனநாள் ஓடாமல் குழாய் வறண்டு கிடந்தபடியால் தண்ணி மட்டும் ஏறவில்லை.

"நிப்பாட்டு பிள்ளை, நிப்பாட்டு!" என்று அண்ணை பின்னால் ஓடிவந்தார். "காத்து இழுக்குது, எரிஞ்சுபோம்!"

நிற்பாட்டினேன். அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கடைசியில் மச்சாள்தான் வாய் திறந்தா. அவ அதிகம் கதைக்கிறவ இல்லை.

"நீங்கள் அண்டைக்குக் கேட்டனீங்களெல்லோ, ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்கிறியளோ எண்டு. உங்கடை அண்ணை அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டவர். தங்கச்சி சிரிச்சுக்கொண்டு சொல்லுறாளோ, கோவத்திலை சொல்லுறாளோ எண்டு என்னட்டையும் கேட்டவர். நான் என்னத்தைச் சொல்ல?"

"சும்மா இரப்பா," என்று மச்சாளை அடக்கினார் அண்ணை. பிறகு என்னிடம், "அதொண்டுமில்லை பிள்ளை. நீ அங்கை பனிக்குள்ளை நிண்டு உழைக்கிற காசு. ரெண்டு கிழடுகளுக்கு என்னத்துக்கு இத்தனை லைட்டும் பிரிஜ்ஜும்? தண்ணி அள்ளினால் உடம்புக்கும் நல்லது."

மேலும் நிற்க முடியாமல் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கைத்தொலைபேசியில் அந்தக் குரல் செய்தி இன்னும் கிடந்தது. தேடி எடுத்துக் கேட்டேன். ரெயின் சத்தம், அதற்குள் என் குரல். சிரிப்பு இல்லை. தேடித் தேடிக் கேட்டேன், ஒரு பொட்டுச் சிரிப்புக்கூட இல்லை. வாடகைக்காரனைக் கேள்வி கேட்கிற வீட்டுக்காரியின் குரல்தான் அது. அண்ணையிடம் அப்படிக் கதைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போன அண்ணையிடம்.

பிறகு அவர் அனுப்பின பில் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தேன். இந்த முறை கடைசி வரியைக் கையால் மறைத்துக்கொண்டு மேலேயிருந்து வாசித்தேன். எங்கள் ஊர்ப் பில்லை வாசிக்க அகராதி வேண்டியதில்லை. மூன்று மொழியில் இருக்கும், அதில் ஒன்று தமிழ். போன மாதம் மீற்றரில் நின்ற எண், இந்த மாதம் நிற்கிற எண், இரண்டுக்கும் இடைப்பட்டது எரித்த அலகு. அலகு குறைவாக இருந்தால் விலையும் குறைவு, ஒரு படியைத் தாண்டினால் விலை ஏறும், இன்னொரு படி தாண்டினால் இன்னும் ஏறும். அதற்குக் கீழே நிலையான கட்டணம், விளக்கே ஏற்றாவிட்டாலும் கட்ட வேண்டியது. ஜேர்மன் பில்லுக்கு இது எவ்வளவோ லேசு. ஒரு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

நான் குரல் செய்தி அனுப்பின அந்த மாதத்திலும் அவர்கள் கூட எரிக்கவில்லை. முந்தின மாதத்தைவிடக் குறைவாகவே எரித்திருந்தார்கள். கட்டணம்தான் ஏறியிருந்தது. அதற்கு அடுத்த மாதம் அலகு இன்னும் இறங்கியது. அது பிரிஜ்ஜை நிற்பாட்டின மாதமாக இருக்க வேண்டும். அடுத்ததில் இன்னும் இறங்கியது, அது மோட்டர். அதன் பிறகு படி இறங்குவது போல இறங்கி, இரண்டு மனிதர் ஒரு வீட்டில் உயிரோடு இருக்கிறார்களா என்று கேட்கிற அளவுக்கு வந்து நின்றது. அப்படியிருந்தும் கட்டணம் திரும்பத் திரும்ப ஏறினபடியால் கடைசி வரி பெரிதாக மாறவில்லை. அந்த மனுசன் என்ன நினைத்திருப்பார்? இவ்வளவு குறைத்தும் தங்கச்சிக்குக் காணாது என்றுதானே? வாய் திறந்து சொல்லாததை எல்லாம் மாதாமாதம் படமெடுத்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார், அதுவும் தமிழில். ஜேர்மன்காரன் எழுதினதை அகராதி வைத்துப் படித்த பில் அக்கா, அண்ணை அனுப்பினதைப் படிக்கவில்லை. தூ, வெட்கம் கெட்டவள் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். ஏசி என்ன பயன்?

நின்ற மிச்ச நாட்களில் என்னால் இயன்றதெல்லாம் செய்து பார்த்தேன். மோட்டருக்குத் தண்ணி விட்டு ஓட வைத்தேன். பில்லை அண்ணையின் பெயருக்கு மாற்றுவோம், நீங்களே கட்டுங்கோ, நான் இனிப் பார்க்கவே மாட்டேன் என்றேன். "வேண்டாம் பிள்ளை. வீடு உன்ரை, பில் என்ரை பேரிலை வந்தால், தங்கச்சியின்ரை வீட்டை அமத்திப் போட்டான் எண்டு சனம் கதைக்கும்" என்றார். அப்படியென்றால் மோட்டரையாவது போடுங்கோ, உங்கடை நெஞ்சுக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்வேன் என்று அழுதேன். மச்சாளின் கையைப் பிடித்தேன், கயிறு அறுத்த தடம் உள்ளங்கையில் காய்த்துக் கிடந்தது. அவ கையை மெல்ல இழுத்துக்கொண்டா. அண்ணை என் தலையைத் தடவி, "ஓம் பிள்ளை, போடுறம். ஓம், ஓம்" என்றார். அந்த ஓம் எனக்கு நல்லாய்த் தெரியும். கந்தோரில் வெள்ளைக்கார மனுசிக்கு முன்னால் நான் சொன்ன ஓம் அது.

திரும்பி வந்து சில மாதங்களாகிவிட்டன. இப்போது பில் படம் வந்தால் என் கண் நேரே அலகுக்குத்தான் போகிறது. அது கூடிவர வேண்டும் என்று நேர்த்தி வைக்காத குறை. கடைசி வரி பெருத்து வரட்டும், கடவுளே, ஒருமுறையாவது பெருத்து வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று வழக்கமான கடிதம் வந்தபடியால் மீற்றரைப் பார்க்கக் கெல்லருக்கு இறங்கினேன். எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கைத்தொலைபேசி அதிர்ந்தது. அண்ணை. பில் படமும், அதன் கீழே "மோட்டர் போடுறம் பிள்ளை, யோசிக்காதை" என்று ஒரு வரியும். படத்தைப் பெரிதாக்கினேன். அலகு போன மாதத்திலிருந்து ஒன்றும் ஏறவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் இறங்கியிருந்தது. என் வாய்ச்சொல்லை நம்பி அவர்கள் எட்டியும் பார்க்காத மீற்றருக்கு முன்னால் நின்றுகொண்டு, என் அண்ணை எழுதின சொல்லை என்னால் நம்ப முடியவில்லை.

பதிலாக ஒரு குரல் செய்தி பதிவுசெய்தேன். அனுப்ப முதல் போட்டுக் கேட்டேன். அதட்டுகிற மாதிரி இருந்தது, அழித்தேன். திரும்பச் சொன்னேன். சிரிப்பை வேண்டுமென்றே ஒட்டவைத்த மாதிரி இருந்தது, அதையும் அழித்தேன். கெல்லர் லைட் கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றுவிடும், கரண்டை மிச்சம் பிடிக்கிற ஏற்பாடு. அது நின்றது. சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, நான் போடவில்லை. இருட்டுக்குள் நின்றபடி, "அண்ணை, நான் தங்கச்சி கதைக்கிறன்" என்று மறுபடி தொடங்கினேன். காதில் வைத்துக் கேட்டேன். அது தங்கச்சியின் குரலா, வீட்டுக்காரியின் குரலா என்று எனக்கே விளங்கவில்லை.